காற்றும் கொழுந்துத் தராசும்

இலங்கையின் அட்டன் பக்கம், மலைச்சரிவில் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடம். ஊடகவியல் படிக்கும் தங்கச்சி ஒருத்தி போனை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். கொழுந்து பறிக்கும் அக்கா சொன்னது, "இன்னைக்கு அரப்பேருதான் புள்ள."

பதிவில் கேட்டது? பட் பட் பட். வெறும் காற்று.

போனின் பிரதான மைக் அடியில் இருக்கும். அந்த அடி காற்றைப் பார்த்தபடி இருந்தது. முதுகைக் காற்றுக்குக் கொடுத்து நில்லுங்கள். மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண். ஸ்பொஞ்ச் உறை இல்லையா? மெல்லிய துணியை ஒரு சுற்று சுற்றினாலும் உதவும். பிளைட் மோட் முக்கியம், அழைப்பு வந்தால் பதிவு நின்றுவிடலாம்.

பிறகு ஒலித் தொகுப்பு மென்பொருளில் 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலிகளை வெட்டினால் காற்றின் உறுமல் குறையும். ஆனால் ஒலி அளவு மீறி உடைந்த சொல்லை எந்த மென்பொருளும் முழுதாய் மீட்காது.

யாரும் பேசாமல் 30 செக்கன் அந்த இடத்துச் சத்தத்தையும் எடுங்கள். வெட்டி ஒட்டும் இடங்களை மூட அதுதான் கைகொடுக்கும்.

இதைவிடப் பெரிய சறுக்கல் எழுத்தில். அக்கா சொன்ன 'அரப்பேரு', அதாவது 'அரைப்பேர்' என்றால் பாதிப் பெயர் இல்லை. அன்றைக்கு அரைநாள்தான் கணக்கு என்று அர்த்தம். நிறைய விரிவுரைக் குறிப்புகளில் இந்தச் சொல்லே இருக்காது!

தராசில் எத்தனை கிலோ, செக்ரோலில் (தோட்டத்தின் வேலை, சம்பளப் பதிவேட்டில்) எத்தனை கிலோ என்று தனித்தனியாகக் கேளுங்கள். ஈரத்துக்கும் சாக்குக்கும் கழித்தது நடுவில் இருக்கும். செய்தி பெரும்பாலும் அங்கேதான். வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளையிடமும் கேட்டுவிட்டே மலை இறங்குங்கள்.