சிவப்பு விதையும் அசோஸ்பைரில்லமும்

பையைப் பிரித்ததும் மக்காச்சோள விதை இளஞ்சிவப்பாய்ப் பளபளத்தது. பக்கத்திலேயே, விதையில் தடவ, காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) பயிருக்குப் பிடித்துத் தரும் பாக்டீரியா உரமான அசோஸ்பைரில்லம் பாக்கெட்டும் கஞ்சியும் தயார்.

அந்தச் சிவப்பு அழகுக்கு இல்லைங்க. பூஞ்சாணக்கொல்லி பூசிய விதை என்பதற்கான அடையாளம்.

அதன்மேல் உயிருள்ள பாக்டீரியாவைத் தடவினால் எவ்வளவு மிஞ்சும்?

இந்த விதைக்கு உயிர் உரத்தை மண்ணில் இடுவதே நல்லது. எக்டேருக்கு அசோஸ்பைரில்லம் 2 கிலோ. அதை 25 கிலோ மட்கிய தொழுவுரம், 25 கிலோ மண்ணோடு கலந்து, மண்ணில் ஈரம் இருக்கும்போது சாயங்காலமாகத் தூவி மூடிவிடணும். வெயிலில் காய்ந்தால் போச்சு. யூரியாவோடு ஒரே கூடையில் கலந்தாலும் அதே கதிதான்.

மருந்து பூசாத விதையா? எக்டேருக்கான விதைக்கு 600 கிராம் போதும். கஞ்சியில் குழைத்துத் தடவி, நிழலில் அரைமணி நேரம் உலர்த்தி, உடனே ஊன்றலாம். கஞ்சி நன்றாக ஆறியிருக்கணும். சூடு பட்டால் பாக்டீரியா செத்துடும்.

இதை நம்பி யூரியாவை அடியோடு நிறுத்திவிடாதீர்கள். மக்காச்சோளம் தழைச்சத்தை அள்ளித் தின்னும் பயிர். அசோஸ்பைரில்லம் ஏறக்குறைய கால்பங்கை மிச்சப்படுத்தும், முழுசையும் ஈடுகட்டாது. பற்றாக்குறை வந்தால் அடியிலைகள்தான் முதலில் சொல்லும்: நுனியில் தொடங்கி நடுநரம்பு வழியே மஞ்சள் இறங்கும்.