ஆளுயரக் கடிகாரத்தை வீட்டில் நிறுத்தி ஓட வைத்த கதை

இங்கிலாந்தின் கிராமப்புற ஏலங்களில் ஒருமுறை சாவி கொடுத்தால் எட்டு நாள் ஓடும் ஓக் மர லாங்கேஸ் கடிகாரம், அதாவது உயர்ந்த மரப்பெட்டிக்குள் தரையில் நிற்கும் கடிகாரம், இன்று சில நூறு பவுண்டுக்கே கிடைக்கிறது. அதன்மேல் ஏல நிறுவனத்தின் கமிஷனும் வரியும் சேரும். வாங்குவது சுலபம். வீட்டில் நிறுத்தி, நிற்காமல் ஓட வைப்பதில்தான் பாடு. அதிலும் பெரும்பகுதி கடிகார வேலை அல்ல, தச்சு வேலை. எங்கள் கைக்கு வந்தது வடக்கு இங்கிலாந்தில் செய்த, 1790-களை ஒட்டிய ஓக் மரக் கடிகாரம்: வெள்ளை டயல், இரண்டு எடைகள், ஒரு மணி.

முதலில், ஏலத்துக்கு முன் பொருளைக் காட்டும் பார்வை நாளில் என்ன பார்ப்பது என்று சொல்லிவிடலாம். டயலையும் இயந்திரத்தையும் மூடியிருக்கும் மேல்கூட்டை முன்பக்கமாக இழுத்துக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் விட்டுவிட்டு வாருங்கள். கூட்டைக் கழற்றியதும் கண் போகவேண்டிய இடம் டயல் அல்ல. இயந்திரம் உட்கார்ந்திருக்கும் பலகையும், அதைத் தாங்கும் இரண்டு பக்கப் பலகைகளின் மேல்முனையும்தான். அங்கே புதிதாக மரத்துண்டு ஒட்டி உயர்த்தியிருந்தாலோ, அறுத்துத் தாழ்த்தியிருந்தாலோ, இயந்திரமும் பெட்டியும் பிறவித் துணைகள் அல்ல என்று சந்தேகிக்கலாம். ஓட்டத்துக்கு அதனால் கேடில்லை. விலையில் மட்டும் அது தெரியவேண்டும். கதவுக் கண்ணாடியைச் சுற்றியுள்ள மரச்சட்டத்துக்கும் டயலின் ஓரத்துக்கும் நடுவே இடைவெளி தெரிந்தாலும் அதே சந்தேகம்தான்.

டயலை வைத்துக் காலத்தை ஓரளவு கணிக்கலாம். பித்தளை டயல் முந்தையது. வண்ணம் பூசிய இரும்பு டயலை 1772-இல் பர்மிங்ஹாமில் ஆஸ்பர்ன், வில்சன் இருவரும் விளம்பரம் செய்து விற்கத் தொடங்கிய பிறகுதான் அது பரவியது. ஆகவே வெள்ளை டயல் கடிகாரத்துக்கு '1750' என்று சீட்டுக் கட்டியிருந்தால் நம்பவேண்டாம். டயலில் எழுதிய பெயரும் பல நேரம் விற்றவர் பெயர்தான். சக்கரம், டயல், மணி எல்லாம் வெவ்வேறு பட்டறைகளிலிருந்து வாங்கிச் சேர்க்கப்பட்டவை.

பெட்டியில் உளுத்த துளைகள் இருந்தால் மட்டும் பின்வாங்க வேண்டியதில்லை. ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் அளவுள்ள பழைய துளைகள் பெரும்பாலான பெட்டிகளில் இருக்கும். துளையிலிருந்து வெளுத்த மாவு புதிதாகக் கொட்டுகிறதா என்பதே கேள்வி. அடிப்பீடம் கல் தரையின் ஈரத்தில் அழுகி அறுக்கப்பட்டிருப்பதும் சகஜம். தரைக்கு அருகே பீடம் குட்டையாகத் தெரிந்தால் அதுதான் காரணம்.

கழற்றும் வரிசையை மாற்றக்கூடாது. இந்தக் கடிகாரங்கள் அதிகம் சேதப்படுவது அந்த அரைமணி நேரத்தில்தான். முதலில் மேல்கூடு. அடுத்து எடைகள்: கப்பியின் கொக்கியிலிருந்து விடுவித்து, 'இடது', 'வலது' என்று சீட்டு ஒட்டிவிடுங்கள். ஒவ்வொன்றும் 12 முதல் 14 பவுண்டு, அதாவது ஐந்தரை முதல் ஆறரை கிலோ வரை இருக்கும். இரண்டும் ஒரே எடையாக இருக்கவேண்டும் என்பதில்லை. நமக்கு எதிரே வலப்பக்கம் தொங்குவது முள்ளை ஓட்டுவது, இடப்பக்கம் மணி அடிப்பது.

எடைகளை எடுத்த மறுகணம் ஒரு ஆபத்து இருக்கிறது. உட்காரும் பலகை பெரும்பாலும் பெட்டியோடு ஆணியடிக்கப்பட்டிருக்காது. எடைகளின் இழுவைதான் அதை இருந்த இடத்தில் இருத்தி வைத்திருந்தது. எடை போனதும் டயலின் பாரத்தில் இயந்திரம் அப்படியே முன்னால் கவிழும். ஒருவர் டயலைப் பிடித்துக்கொண்டே இருக்க, மற்றவர் எடையைக் கழற்றவேண்டும்.

மூன்றாவது பெண்டுலம். அது இயந்திரத்துக்குப் பின்னால், பேக் காக் என்னும் பித்தளைத் தாங்கியின் பிளவில் தாள் போன்ற எஃகுத் தகடு ஒன்றில் தொங்குகிறது. சற்று உயர்த்தி, பின்னுக்குத் தள்ளி, பெண்டுலத்தைத் தள்ளிவிடும் கிரட்ச் என்னும் கவட்டைக்குள்ளிருந்து கீழே இறக்கவேண்டும். அந்தத் தகடு ஒருமுறை மடங்கினால் போயிற்று. நிமிர்த்தினாலும் பெண்டுலம் நேராக ஆடாமல் நெளிந்து ஆடும். தகடு விலை குறைவு, மாற்றிவிடுங்கள். கடைசியாக இயந்திரத்தைப் பலகையோடு சேர்த்துத் தூக்கவேண்டும். தூக்கும் முன் கயிறு சுற்றிய இரு உருளைகளின்மீதும் காகித நாடா ஒட்டவேண்டும். இழுவை இல்லாத கயிறு பள்ளத்தைவிட்டு எகிறி அச்சில் சிக்கிக்கொள்ளும். அது தெரியாமல் வீட்டில் சாவி கொடுத்தால் கயிறு அறுந்து ஆறு கிலோ எடை பீடத்தின் அடிப்பலகையை உடைக்கும்.

வீட்டுக்கு வந்ததும் இயந்திரத்தை உடனே பெட்டிக்குள் ஏற்றாதீர்கள். மார்பு உயரத்துக்கு அசையாத ஒரு மரச்சட்டம் அடித்து, அதன்மேல் பலகையோடு வைத்து, எடை, பெண்டுலம் மாட்டிச் சில நாள் ஓடவிடுங்கள். இங்கே ஓடி, பெட்டிக்குள் நின்றால் குற்றவாளி பெட்டி. இங்கேயே நின்றால் அச்சுத் துளைகள் தேய்ந்திருக்கின்றன, அல்லது அழுக்கு. அது கடிகாரப் பட்டறைக்குப் போகவேண்டிய வேலை. துருநீக்கும் ஸ்பிரேயை மட்டும் உள்ளே அடிக்காதீர்கள். ஓரிரு வாரம் ஓடும், பிறகு கரைந்த அழுக்கு அச்சுகளில் அரைக்கும் பசையாகச் சேர்ந்து தேய்க்கும். கடிகார எண்ணெய் அச்சு நுனிகளில் உள்ள குழிகளுக்கும், சக்கரத்தை ஒவ்வொரு பல்லாக விடும் ஆங்கர் என்னும் நங்கூர வடிவக் கவ்வியின் முகங்களுக்கு மிகச் சிறிதளவும்தான். சக்கரப் பற்களுக்கு எண்ணெய் விடுவதே கூடாது. தூசியைப் பிடித்து வைத்துப் பல்லையே அது அரைத்துவிடும்.

கயிறு சந்தேகமாக இருந்தால் இப்போதே மாற்றிவிடலாம். ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனில் ஒவ்வொரு உருளைக்கும் சுமார் 3 மீட்டர் தேவை. ஆட்டுக்குடல் நரம்போ, அதைப்போன்ற செயற்கை நரம்போ நல்லது. இரும்புக் கம்பிக்கயிறு அறாது என்று சிலர் போடுகிறார்கள். அறாதுதான், ஆனால் பித்தளை உருளையின் பள்ளங்களை அது அறுக்கும். முடிச்சுப் போட்ட நுனியைச் சுடரில் காட்டிக் குமிழாக்கினால் நழுவாது.

இனிப் பெட்டி. மூலைகளில் உள்ளே ஒட்டியிருந்த சிறு மரக்கட்டைகள் விழுந்திருந்தால் மீண்டும் ஒட்டவேண்டும், வெந்நீர்ப் பாத்திரத்தில் 60 டிகிரி அளவில் உருக்கிய வஜ்ரத்தால், அதாவது விலங்குத் தோல், எலும்பில் காய்ச்சிய பசையால். வெள்ளைப் பசை பிடிக்கும், ஆனால் நாளை எவரும் பிரித்துச் சரிசெய்ய முடியாது. வஜ்ரம் சூட்டுக்கும் ஈரத்துக்கும் இளகிக் கொடுக்கும். ரேடியேட்டர் பக்கத்தில் நிறுத்தினால் இந்த வேலை எல்லாம் வீண். ஒரு குளிர்காலத்திலேயே கதவுப் பலகை காய்ந்து வெடிக்கும்.

சுவரோடு கட்டுவதில்தான் முழுக் கவனமும் இருக்கவேண்டும். ஒரு விநாடிக்கு ஒரு வீச்சு ஆடும் இந்தப் பெண்டுலத்தின் கணக்கு நீளம் 994 மில்லிமீட்டர். அதன் குண்டு ஒவ்வொரு முறையும் பெட்டியைக் கொஞ்சம் தள்ளுகிறது. பெட்டி அசைந்தால், அந்த அசைவு எடைகளுக்குப் போகும். நாள் செல்லச் செல்ல எடை இறங்கி, குண்டு தொங்கும் உயரத்தை நெருங்கும்போது, எடையும் கயிறுமே கிட்டத்தட்ட அதே வேகத்தில் ஆடக்கூடிய இன்னொரு பெண்டுலம் ஆகிவிடும். அப்போது குண்டின் சக்தியை எடை திருடிக்கொள்ளும், கடிகாரம் நின்றுவிடும். ஒவ்வொரு வாரமும் எடை குண்டுக்கு நேராக வரும் நாளிலேயே நிற்கிறதா? இயந்திரத்தைத் தொடாதீர்கள், சுவர்த் திருகாணியைப் பாருங்கள்.

கட்டும் முறை இது. இங்கிலாந்து வீடுகளில் சுவரின் அடியில் மரப்பட்டி ஓடும். அதனால் பெட்டியின் அடி முட்டினாலும் மேற்பகுதி சுவரைத் தொடாது. கம்பளம் விரித்த அறையில் சுவர் ஓரத்தில் கம்பளத்தைப் பிடிக்கும் ஆணிப்பட்டி வேறு இருக்கும். பின்கால் அதன்மேல் ஏறி நின்றால் பெட்டி முன்னால் சாயும். ரசமட்டத்தைப் பக்கவாட்டிலும் முன்பின்னாகவும் வைத்துப் பார்த்து, காலடியில் கெட்டி மரச்சக்கை செருகவேண்டும். அட்டை, மடித்த காகிதம் எல்லாம் மாதத்தில் நசுங்கிவிடும். பிறகு பின்பலகைக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை அளந்து, அதே கனத்தில் ஒரு ரீப்பர் வைத்து, அதன் வழியாகத் திருகாணி ஏற்றவேண்டும். இடைவெளியை நிரப்பாமல் திருகினால் பலகை சுவருக்கு இழுபட்டுப் பெட்டியே முறுகும், கதவு பூட்டாது. பழைய பெட்டியின் பின்பலகையில் முந்தைய வீடுகளின் துளைகள் இருக்கும். புதிதாகத் துளையிடாமல் அவற்றில் ஒன்றைப் பயன்படுத்தலாம். துளை உயரத்தில், உட்காரும் பலகைக்குச் சற்றுக் கீழே, நடுவை விட்டு ஒதுங்கி இருக்கவேண்டும். நடுவில் பெண்டுலக் கம்பி பின்பலகையை ஒட்டி ஆடுவதால் திருகாணித் தலையில் உரசும்.

குண்டு பின்பலகையில் உரசினால் பெட்டியின் தலை பின்னால் சாய்ந்திருக்கிறது. பின்காலை உயர்த்துங்கள். பெட்டி நேராக இருந்தும் உரசினால் பலகையோடு இயந்திரத்தையே சில மில்லிமீட்டர் முன்னால் நகர்த்தலாம். மேல்கூட்டை மாட்டிப் பார்த்து, டயல் சட்டத்தோடு படிகிறதா என்று சரிபார்த்துக்கொண்டே நகர்த்துங்கள்.

அடுத்தது 'டிக்', 'டாக்' இரண்டும் ஒரே இடைவெளியில் விழச் செய்வது. நொண்டி நடைபோல் கேட்டால் சில நிமிடத்தில் நின்றுவிடும். காதை மட்டும் நம்பவேண்டாம். குண்டு அசையாமல் தொங்கும் இடத்துக்கு நேரே பின்பலகையில் ஒரு காகித நாடா ஒட்டிக் கோடு போடுங்கள். குண்டை மெதுவாக வலப்பக்கம் தள்ளி 'டிக்' விழும் இடத்தைக் குறியுங்கள், பிறகு இடப்பக்கம். இரு தூரமும் சமமாக இருக்கவேண்டும். சமமில்லை என்றால், சத்தம் எந்தப் பக்கம் சீக்கிரம் விழுகிறதோ அந்தப் பக்கத்துக்குக் கவட்டைக் கம்பியை வளைக்கவேண்டும். ஒரு கையால் கம்பியின் மேற்பகுதியை இறுக்கிப் பிடித்து, மறுகையால் கீழே மயிரிழை அளவு. மேலே பிடிக்காமல் வளைத்தால் ஆங்கரின் அச்சு கோணிவிடும். பெட்டிக்கு அடியில் சக்கை செருகி 'டிக்' சத்தத்தைச் சமன்செய்பவர்கள் உண்டு. ஓடும், ஆனால் பெட்டி சாய்ந்து நிற்கும்.

நேரத்தைச் சரிசெய்வது கணக்குதான். பெண்டுலம் 1 மில்லிமீட்டர் குறுகினால் நாளுக்கு ஏறத்தாழ 43 விநாடி வேகம் கூடும். குண்டின் அடியில் உள்ள நட்டின் மரைப்படி ஒரு முழுச் சுற்றுக்குச் சுமார் அரை நிமிடம் என்று வைத்துக்கொண்டு தொடங்கலாம். குண்டு ஏறினால் வேகம், இறங்கினால் தாமதம். நட்டைத் திருகும்போது குண்டைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லையேல் மேலே உள்ள தகடு முறுகும். ஒருமுறை திருகினால் ஒரு முழு நாள் விட்டுத்தான் அடுத்தது. இரும்புக் கம்பி என்பதால் வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் நாளுக்கு அரை விநாடி பின்தங்கும். வாரத்துக்கு அரை நிமிடம் தவறினால் இந்த வகைக் கடிகாரத்துக்கு அது நல்ல ஓட்டம். அதற்குமேல் துல்லியம் தேடி நட்டைத் திருகிக்கொண்டே இருப்பது வீண்.

சாவி கொடுப்பது வாரத்துக்கு ஒருமுறை, பெரும்பாலும் பதினான்கு பதினைந்து சுற்று. நடுக்கதவைத் திறந்து வைத்து, கப்பி மேலேறுவதைப் பார்த்துக்கொண்டே சுற்றுங்கள். பலகையில் முட்டும் முன் நிறுத்திவிடுங்கள். இரண்டு எடைக்கும் கொடுக்கவேண்டும். இரவு மணிச்சத்தம் வேண்டாம் என்று மணிப்பக்கத்துக்குச் சாவி கொடுக்காமல் விட்டால் ஒரு விபரீதம் உண்டு. 12 மணிக்கு, எத்தனை அடி என்று எண்ணும் ரேக் என்னும் பல்வரிசைத் துண்டு, மணிக்கு ஒரு படியாக வெட்டிய நத்தை வடிவத் தட்டின் (நத்தைத்தட்டு) ஆழமான படியில் விழுந்து, தூக்க ஆளில்லாமல் அங்கேயே கிடக்கும். 1 மணியை நெருங்கும்போது நத்தையின் உயர்ந்த படி அதில் முட்டி, கடிகாரம் முழுவதுமே நின்றுவிடும். சிலவற்றில் ரேக்கின் வால் வளைந்து விலகிக் கொடுக்கும்படி செய்திருப்பார்கள், எல்லாவற்றிலும் இல்லை. 12-க்கும் 1-க்கும் நடுவே நின்ற கடிகாரத்தில் முதலில் பார்க்கவேண்டியது இடப்பக்க எடை தரையிலா என்பதுதான். அந்த நிலையில் நிமிட முள்ளை வலுவில் தள்ளினால் பல் உடையும்.

முள்ளை எப்போதும் முன்னோக்கியே நகர்த்தி, ஒவ்வொரு மணிக்கும் அடித்து முடிக்க விடுங்கள். அடிக்கும் எண்ணிக்கையும் முள் காட்டும் மணியும் பொருந்தாவிட்டால், வகையைப் பார்க்கவேண்டும். ரேக் வகையில் மணி முள்ளோ நத்தைத்தட்டோ தவறாக மாட்டப்பட்டிருக்கிறது. பள்ளம் வெட்டிய எண்ணுச்சக்கரம் உள்ள பழைய வகையில், தடுப்பு நெம்புகோலைத் தூக்கி விட்டு, எண்ணிக்கை சேரும் வரை அடிக்கவைத்தால் போதும்.

மணி 'டங்' என்று ஒலிக்காமல் 'தட்' என்று அடங்கினால், சுத்தி அடித்தபின் மணியின்மேலேயே படுத்திருக்கிறது. சுத்தியின் தண்டை வளைத்து, ஓய்வில் மணிக்கும் சுத்திக்கும் நடுவே ஒரு தபால் அட்டை கனம் இடம் விடுங்கள். டயலைத் துடைக்கும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். வெள்ளை டயலின் எண்களும் பெயரும் வண்ணத்தின் மேல் எழுதியவை, ஈரத்துணியோடே போய்விடும். பித்தளை டயலில் எண் வளையத்தின் வெள்ளிப்பூச்சு பித்தளை பாலிஷில் ஒரே தேய்ப்பில் கழன்றுவிடும். மரத்துக்கு ஆண்டுக்கு ஓரிரு முறை தேன்மெழுகும் டர்பன்டைனும் கலந்த மெழுகு, மெல்லிய பூச்சாக. கடையில் விற்கும் சிலிக்கோன் ஸ்பிரே பளபளக்கும், ஆனால் பிற்பாடு மரத்துக்கு எந்தப் பூச்சும் பிடிக்காது.