புள்ளியை எங்கே போடுவது?

ஆர்பிஜி கேமில் (ஒரு கேரக்டரை உருவாக்கி, வளர்த்துக்கொண்டே விளையாடும் வகை) வரும் பாதித் தொல்லை, சண்டை தொடங்கும் முன்பே, கேரக்டர் உருவாக்கும் திரையில் பிறந்துவிடுகிறது. கையிலிருக்கும் புள்ளிகளில் பலத்துக்குக் கொஞ்சம், வேகத்துக்குக் கொஞ்சம், மந்திரத்துக்கும் இருக்கட்டும், பேச்சுக்கும் இரண்டு என்று எல்லாவற்றிலும் கை வைத்து உருவாக்கிய ஆள் கடைசியில் எதற்கும் உதவ மாட்டார். உங்கள் அடி எவ்வளவு விழும் என்பது பெரும்பாலும் பலம், வேகம் போன்ற ஸ்டாட்களில் (திறன் எண்களில்) ஒன்றிரண்டைப் பொறுத்தது. எதிரியின் ஹெச்பியோ (உயிர்ப் புள்ளியோ) அவற்றில் புள்ளியைக் குவித்தவரை மனதில் வைத்து எழுதப்பட்டிருக்கும். என்னைக் கேட்டால், இரண்டு வேலையை நன்றாகவும் மூன்றாவதைப் படுமோசமாகவும் செய்யும் கேரக்டர்தான் விளையாட ருசி. நயமாகப் பேசத் தெரியாத முரடன் வாயைத் திறக்கும்போதெல்லாம் கதை எதிர்பாராத பக்கம் திரும்பும்.

2023-இல் வந்த பால்டர்ஸ் கேட் 3-ஐ எடுத்துக்கொள்வோம். மேசையில் பகடை உருட்டி விளையாடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் விதிகள்தான் இதற்கு அடிப்படை. ஆறு ஸ்டாட்டும் 8-இல் தொடங்கும்; செலவழிக்க 27 புள்ளிகள். 13 வரை ஒவ்வொரு படிக்கும் ஒரு புள்ளி, 14-க்கும் 15-க்கும் இரண்டிரண்டு. அதற்கு மேல் ஒன்றில் +2, இன்னொன்றில் +1 சும்மா கிடைக்கும். ஆனால் பகடையோடு சேரும் போனஸ், ஸ்டாட் இரண்டு ஏறினால்தான் ஒன்று ஏறும். 14-க்கு +2, 15-க்கும் அதே +2, 16-க்கு +3. ஒற்றைப்படை எண்ணில் நிறுத்தினால் அந்தப் புள்ளி தண்டம்.

பெரிய வாள் தூக்கும் ஃபைட்டருக்கு ஒரு கணக்கு: ஸ்ட்ரெங்த் (பலம்) 17, டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) 14, கான்ஸ்டிடியூஷன் (உடல் உறுதி) 16, விஸ்டம் (விவேகம்) 10, மீதி இரண்டும் 8. 27-ம் சரியாகத் தீரும். 17 ஒற்றைப்படைதானே என்று கேட்பீர்கள். முதல் ஆக்டிலேயே (கதையின் முதல் பகுதியிலேயே) ஒரு சூனியக்காரியிடம் பேரம் பேசி நிரந்தரமாக ஒரு புள்ளி கூட்டிக்கொள்ள வழி இருக்கிறது, அதற்காகத்தான். கனமான கவசம் போட்டவருக்கு டெக்ஸ்டெரிட்டி கவச எண்ணில் சேராது என்பதும் உண்மை. ஆனால் யார் முதலில் அடிப்பது என்பதை முடிவு செய்யும் பகடையோடு அதன் போனஸ் சேரும்; அதற்கு இந்த கேம் 20 முகப் பகடையை உருட்டுவதில்லை, 4 முகப் பகடையைத்தான் உருட்டுகிறது. மேசையில் விளையாடும்போது கண்ணில் படாத +2 இங்கே பகடையில் பாதிக்குச் சமம்.

மந்திரவாதிகளை உருவாக்குபவர்கள் கான்ஸ்டிடியூஷனை 10-இல் விட்டுவிட்டுப் பிறகு அவதிப்படுவார்கள். அடி தவறாமல் விழ உதவும் பிளெஸ், ஒருவரை வேகமாக்கும் ஹேஸ்ட் எல்லாம் கான்சென்ட்ரேஷன் மந்திரங்கள், அதாவது போட்டவரின் கவனம் குலையாத வரைதான் நிற்கும். ஒரு நேரத்தில் ஒன்றுதான் நிற்கும். ஒவ்வொரு முறை அடி வாங்கும்போதும் பகடை உருட்டி, கான்ஸ்டிடியூஷன் போனஸையும் கூட்டி, 10-ஐயோ, வாங்கிய டேமேஜில் பாதியையோ, எது பெரிதோ அதை எட்ட வேண்டும். எட்டாவிட்டால் மந்திரம் கலைந்துவிடும். ஹேஸ்ட் கலைந்தால் இன்னும் மோசம்: அது யார் மேல் இருந்ததோ அவர் ஒரு சுற்று ஒன்றுமே செய்ய முடியாமல் நிற்பார். அதனால் ஹேஸ்ட் போட்ட மந்திரவாதியை முன்வரிசையில் நிறுத்தாதீர்கள். முடிந்தால் எதிரியின் கண்ணிலேயே படாத இடத்தில் வையுங்கள்.

2022-இல் வந்த எல்டன் ரிங்கில் பகடை கிடையாது. அங்கே கவனிக்க வேண்டியது, போடும் புள்ளிக்கு எந்த இடத்தில் வரவு குறைகிறது என்பது. ஹெச்பியைக் கூட்டும் ஸ்டாட்டான வைகர் 25-இல் ஹெச்பி 800. 40-இல் 1450. 60-இல் 1900. 99 வரை ஏற்றினாலும் 2100-தான். 25-லிருந்து 40 வரை ஒரு லெவலுக்கு (ஒரு புள்ளிக்கு) சராசரியாக 43 ஹெச்பி கிடைக்கிறது. 60 தாண்டிவிட்டால் வெறும் ஐந்து. பாஸ் (பெரிய எதிரி) இரண்டே அடியில் சாய்த்துவிடுகிறது என்று புலம்புபவரின் ஸ்டாட் திரையைப் பார்த்தால் வைகர் 15-ஐத் தாண்டியிருக்காது, டேமேஜுக்கான ஸ்டாட் மட்டும் எகிறிப் போயிருக்கும். தொடக்கத்தில் டேமேஜை உயர்த்துவது ஸ்டாட்டை விட, ஆயுதத்தை மேம்படுத்தும் ஸ்மிதிங் ஸ்டோன்தான். ஆயுதத்தை அதில் ஏற்றுங்கள், லெவலை வைகரில் போடுங்கள்.

ஆயுதத்தை இரண்டு கையாலும் பிடித்தால் ஸ்ட்ரெங்த் ஒன்றரை மடங்காகக் கணக்கில் வரும். 31 கேட்கும் கிரேட்ஸ்வோர்டை 21 இருந்தாலே தூக்கிவிடலாம். எடை விஷயத்தில், சுமக்கக்கூடிய எடையில் 70 சதவீதம்தான் எல்லை. அதைத் தாண்டினால், அடியிலிருந்து தப்ப உருளும்போது தொப்பென்று விழுந்து எழுவீர்கள். கவசம் தடுக்கும் டேமேஜை விட, தப்ப முடியாமல் வாங்கும் அடி அதிகம். ஹெல்மெட்டைக் கழற்றினாலே பல சமயம் எல்லைக்குள் வந்துவிடும்.

விதியைப் படிக்காதவரைப் பழிவாங்கிய கேம் என்றால் 2006-இன் ஆப்லிவியன்தான். நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஏழு மேஜர் ஸ்கில்களில் (முதன்மைத் திறன்களில்) மொத்தம் பத்து ஏற்றம் கண்டால், தூங்கி எழும்போது லெவல் கூடும். எதிரிகளும் உங்கள் லெவலுக்கு ஏற்ப வளர்வார்கள். இப்போது அத்லெடிக்ஸையும் அக்ரோபாடிக்ஸையும் மேஜராக வைத்தவரை நினைத்துப் பாருங்கள். ஓடினாலும் குதித்தாலும் லெவல் ஏறும், வாள் மட்டும் பழையபடியே இருக்கும். வழிப்பறித் திருடன் விலையுயர்ந்த கண்ணாடிக் கவசம் போட்டு நிற்பான். லெவல் ஏற ஏற ஆள் பலவீனமாகும் விசித்திரம் அது. லெவலுக்கு ஒரு அட்ரிபியூட்டில் (ஸ்டாட்டில்) +5 வாங்க வேண்டுமானால் அதன் கீழ் வரும் ஸ்கில்கள் பத்து ஏறியிருக்க வேண்டும் என்பதால், காகிதமும் பேனாவும் வைத்துக்கொண்டு விளையாடியவர்கள் ஏராளம். ஹெச்பி தரும் என்டூரன்ஸை முதலில் ஏற்றியாக வேண்டும். பிறகு ஏற்றினால், தவறவிட்ட லெவல்களுக்கான ஹெச்பி திரும்பி வராது. 2025 மறுஉருவாக்கத்தில் இந்தக் கணக்கை மாற்றிவிட்டார்கள். நல்ல காரியம்.

பேச்சு ஸ்கில்லுக்குப் புள்ளி போடலாமா என்பது கேம் எப்படிச் சோதிக்கிறது என்பதைப் பொறுத்தது. 2008-இன் ஃபால்அவுட் 3 வெற்றி வாய்ப்பைச் சதவீதமாகக் காட்டியது. 40 சதவீதம் என்றால் சேவ் செய்து, தோற்றால் லோடு, மறுபடி லோடு. 2010-இன் நியூ வேகாஸ் 50 வேண்டும் என்றால் 50 வேண்டும் என்று நேராகச் சொல்லிவிட்டது. லோடு செய்து பயனில்லை. பத்துப் புள்ளி குறைந்தால் கேமில் கிடைக்கும், அந்த ஸ்கில்லைக் கொஞ்ச நேரம் கூட்டும் பத்திரிகையைப் படித்துவிட்டுப் போய்ப் பேசலாம். 2019-இன் டிஸ்கோ எலிசியம் இரண்டு 6 முகப் பகடையை உருட்டுகிறது. வெள்ளைச் சோதனையில் தோற்றால் அந்த ஸ்கில்லில் ஒரு புள்ளி போட்டு மறுபடி முயலலாம். சிவப்புக்கு ஒரே வாய்ப்புதான். தோல்வியையும் தனியாக, சுவையாக எழுதிவைத்திருக்கும் கேம் அது. அங்கே போய் லோடு பட்டனை அமுக்குவது கதையில் பாதியைக் கிழித்துப் போடுவதுதான்.

தப்பாகப் போட்ட புள்ளியை மாற்ற வழி இல்லாமல் இல்லை. பால்டர்ஸ் கேட் 3-இல் முகாமில் இருக்கும் விதர்ஸ் என்ற பாத்திரத்திடம் 100 பொற்காசு கொடுத்தால் வகுப்பையும் (ஃபைட்டர், மந்திரவாதி போன்ற வகை) ஸ்டாட்களையும் மாற்றிவிடலாம். எல்டன் ரிங்கில் ரெனாலா என்ற பாஸை வென்ற பிறகு, முறைக்கு ஒரு லார்வல் டியர் என்ற பொருள் வேண்டும். அது அளவாகத்தான் கிடைக்கும். அப்போதும் ஸ்டாட்டை தொடக்க வகுப்பின் எண்ணுக்குக் கீழே இறக்க விடாது. மந்திரவாதி வகுப்பான அஸ்ட்ராலஜரின் இன்டெலிஜென்ஸ் (மந்திரத்துக்கான ஸ்டாட்) 16, பலசாலி வகுப்பான ஹீரோவுக்கு 7. அஸ்ட்ராலஜராகத் தொடங்கிவிட்டுப் பெரிய சுத்தியலுக்கு மாறுபவர், வேண்டாத அந்த ஒன்பது புள்ளிகளைக் கடைசி பாஸ் வரை சுமந்துகொண்டே போக வேண்டும்.