ஊர் சொன்ன சாட்சி

கத்தோலிக்கக் குருவாகப் பட்டம் பெறுகிற திருப்பலியில் நற்செய்தி வாசித்து முடிந்ததும், குருப்பட்டத்துக்கு முந்தைய பட்டம் பெற்ற திருத்தொண்டர் ஒருவர் நம்மைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். "இதோ வருகிறேன்" என்று சொல்லி, மறைமாவட்டத்தின் தலைவரான ஆயர் முன்னால் போய் நிற்க வேண்டும். இவர் தகுதியானவர் என்று உங்களுக்குத் தெரியுமா என்று ஆயர் கேட்பார். இறைமக்களிடம் விசாரித்ததிலும், இவரை உருவாக்கியவர்கள் பரிந்துரைத்ததிலும் தகுதியானவர் என்றே கண்டோம் என்று அங்கே ஒரு குரு எழுந்து சாட்சி சொல்வார். அரை நிமிடத்தில் முடிந்துவிடுகிற சடங்கு அது. ஆயர் தலைமேல் கை வைத்தபோதுகூட நான் சமாளித்துக்கொண்டேன். ஆனால், "இறைமக்களிடம் விசாரித்ததில்" என்ற அந்த வார்த்தை காதில் விழுந்தபோது என்னால் தாங்க முடியவில்லை. யார் யாரிடம் விசாரித்திருப்பார்கள், அவர்கள் எனக்காக என்னவெல்லாம் செய்தார்கள் என்பது முழுவதும் ஒரே நேரத்தில் நெஞ்சில் வந்து நின்றது.

குருவாகி முதல் ஆண்டு நிறைவடைகிற இந்த நேரத்தில், அந்த மக்களைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று தோன்றுகிறது. எத்தனையோ பேர் "எப்படி இத்தனை வருஷம் தாக்குப்பிடிச்சீங்க ஃபாதர்?" என்று கேட்கிறார்கள். என் பதில் இதுதான்: நான் தனியாகத் தாக்குப்பிடிக்கவில்லை.

நான் தூத்துக்குடி மறைமாவட்டத்துக் கடற்கரைக்காரன். 1542-இல் தூய பிரான்சிஸ் சவேரியார் வந்து, செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த கரை எங்களுடையது. 1923-இல் மறைமாவட்டம் உருவானபோது அதன் முதல் ஆயராக வந்தவர் நம் நாட்டவரான ரோச் ஆண்டகை. எங்கள் பக்கத்தில் ஒரு பையன் பீடச் சிறுவனாக நாலு நாள் ஒழுங்காக நின்றாலே "இவன் சாமியாராப் போவான்" என்று கிழவிகள் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். என்னையும் அப்படித்தான் சொன்னார்கள். குருவாக விரும்புகிற பையன்களுக்காக மே மாத விடுமுறையில் நடக்கிற இறையழைத்தல் முகாமுக்கு, எங்கள் ஊர்க் கோயிலின் பங்குத்தந்தை அனுப்பிவைத்தார். என் திருமுழுக்குச் சான்றிதழ், உறுதிப்பூசுதல் சான்றிதழ், அப்பா அம்மாவின் கோயில் திருமணச் சான்றிதழ், பங்குத்தந்தையின் கடிதம் என்று ஒரு கோப்பு தயாரானது. கோயில் பணிகளில் உதவுகிற உபதேசியார்தான் பழைய பதிவேடுகளைப் புரட்டி எல்லாவற்றையும் எடுத்துக்கொடுத்தார்.

அதற்குப் பிறகு உள்ள பாதையை விவரம் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். குருவாகப் போகிறவர்கள் தங்கிப் படிக்கிற இடம் குருமடம். சிறிய குருமடத்தில் மேல்நிலைப் படிப்பு, கல்லூரிப் பட்டம், ஆன்மிகப் பயிற்சி ஆண்டு, மெய்யியல் என்கிற தத்துவப் படிப்பு, பங்குகளில் ஓராண்டு களப்பணி, பிறகு இறையியல். மறைமாவட்டத்துக்கு மறைமாவட்டம் இது கொஞ்சம் மாறும். ஆனால் மெய்யியலும் இறையியலும் சேர்ந்து ஆறு ஆண்டுகளுக்குக் குறையக் கூடாது, குருவாகிறவருக்கு 25 வயது நிரம்பியிருக்க வேண்டும், திருத்தொண்டர் பட்டத்துக்கும் குருப்பட்டத்துக்கும் நடுவே ஆறு மாதமாவது இடைவெளி வேண்டும் என்பது 1983-ஆம் ஆண்டுத் திருஅவைச் சட்டத் தொகுப்பு எல்லாருக்கும் வைத்திருக்கிற விதி.

எனக்கு முதல் மலை மெய்யியல். நான் தமிழ்வழியில் படித்தவன். மெய்யியல் வகுப்புகள் ஆங்கிலத்தில் நடந்தன. தாமஸ் அக்குவினாஸ், உள்ளமை, இருப்பு, காரணம் என்று பேராசிரியர் பேசிக்கொண்டே போவார். எனக்கு வாக்கியத்தின் எழுவாய் எங்கே இருக்கிறதென்றே தெரியாது. முதல் பருவத்தேர்வு முடிந்தபோது பெட்டியைக் கட்டலாம் என்ற எண்ணம் வந்துவிட்டது.

அப்போது கைகொடுத்தவன் என் வகுப்புத் தோழன், மலைப்பக்கத்து ஊர்க்காரன். நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி நடுவில் கோடு போட்டான். இடது பக்கம் ஆங்கிலப் பத்தியை அவன் எழுதுவான். வலது பக்கம் அதை என் கடற்கரைத் தமிழில் நான் எழுத வேண்டும். மறுநாள் இடது பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, என் தமிழைப் பார்த்தே ஆங்கிலத்தில் சொல்லச் சொல்வான். தப்பாகச் சொன்னால் சிரிக்க மாட்டான். "இன்னொரு தடவை" என்பான், அவ்வளவுதான். படிப்பு நேரம் முடிந்து, இரவுச் செபத்துக்கு மணி அடித்து, மௌனம் தொடங்குகிற வரை இது நடக்கும். ஆண்டு முடிவதற்குள் பல நோட்டுகள் நிறைந்துவிட்டன. அவற்றை இன்னமும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

படிப்பில் தடுமாறுகிற எல்லாருக்கும் குருமடங்களில் தூய ஜான் மரிய வியான்னியின் கதையைச் சொல்வார்கள். இலத்தீன் ஏறாமல் தேர்வில் தவறி, கடைசியில் 1815-இல் 29 வயதில் குருவானவர். பிறகு பிரான்சில் ஆர்ஸ் என்ற சிற்றூரின் பங்குத்தந்தையாக இருந்து புனிதரானவர். 1929-இல் பங்குத்தந்தையர் எல்லாருக்கும் பாதுகாவலராக அறிவிக்கப்பட்டவர். எனக்கும் சொன்னார்கள். ஆனால் அந்த வரலாற்றில் என்னைப் பிடித்து நிறுத்தியது இன்னொரு மனிதர்: எக்குலி என்ற ஊரின் பங்குத்தந்தை பாலே. வியான்னியைத் தன் வீட்டிலேயே வைத்துச் சொல்லிக்கொடுத்து, மேலிடத்தில் போய் அவருக்காகப் பேசியவர் அவர். பாலே இல்லாமல் வியான்னி இல்லை. என் தோழன் எனக்குப் பாலே.

அவன் மெய்யியல் முடித்ததும் குருமடத்தை விட்டுப் போனான். அவசரப்பட்டு எடுத்த முடிவில்லை. மாதக்கணக்கில் செபித்து, ஆன்ம குருவிடம் பேசி, அதிபர் தந்தையிடம் முறையாகச் சொல்லிவிட்டுப் போனான். ஆனால் ஊரில் அவன் பட்ட பாடு எனக்குத் தெரியும். "பாதியில வந்துட்டான்" என்ற பேச்சு. அவன் அம்மா கொஞ்ச நாள் கோயிலில் முன்வரிசையில் உட்காரவே கூச்சப்பட்டார்கள். இது பெரிய அநியாயம் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். குருமடம் இருப்பது அழைப்பு உண்டா இல்லையா என்று தேர்ந்து தெளிவதற்காக. இல்லை என்று தெளிந்து வெளியே வருகிறவரும் குருமடத்தில் செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்து முடித்தவர்தான். என்னோடு உள்ளே போனவர்களில் வெளியே வந்தவர்களே அதிகம். அவர்களில் ஒவ்வொருவனும் எனக்கு ஏதோ ஒன்றைக் கொடுத்துவிட்டுத்தான் போனான்.

களப்பணி ஆண்டில் அப்பா இறந்துபோனார். சிறுநீரகக் கோளாறு, வைத்தியத்துக்கு வாங்கிய கடன் ஒரு பக்கம், வள்ளத்துக்கும் எஞ்சினுக்கும் வாங்கிய கடன் இன்னொரு பக்கம். நான் மூத்தவன். அடக்கம் முடிந்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது உறவுக்காரர்கள் நேராகவே கேட்டார்கள்: "மூத்த பிள்ள நீ இருக்கும்போது அவ எப்படி ரெண்டு பேர வச்சிக் கரையேத்துவா?" நியாயமான கேள்வி. எனக்கும் அதே எண்ணம்தான். தங்கைக்கு இன்னும் படிப்பு முடியவில்லை. தம்பி அப்போது தூத்துக்குடியில் டிப்ளமோ இரண்டாம் ஆண்டு.

அன்றைக்கு ராத்திரி தம்பி என்னைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனான். வள்ளத்தின் அணியத்தில் கை வைத்துக்கொண்டு சொன்னான்: "அண்ணே, நீ போ. இத நான் பாத்துக்கிடுதேன்." படிப்பை நிறுத்தாதே என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "எனக்குக் கடல் பிடிக்கும், உனக்கு இது பிடிக்கும். பெறகு என்ன?" என்றான். அம்மா எதுவும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் என் வெள்ளை அங்கியை எடுத்துத் துவைத்து, நீலம் போட்டு அலசி, கொடியில் காயப்போட்டார்கள். அம்மாவின் பதில் என்னவென்று அதற்குமேல் கேட்க வேண்டியிருக்கவில்லை.

இறையியல் நான்கு ஆண்டுகள் திருச்சி தூய பவுல் குருமடத்தில். அந்த ஆண்டுகளைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். இங்கே ஒன்று மட்டும். என் படிப்புச் செலவில் பெரும்பகுதியை மறைமாவட்டம் பார்த்துக்கொண்டது. மறைமாவட்டத்தின் பணம் என்றால் அது யாருடைய பணம்? ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாமல் கோயிலுக்கு வருகிற மக்கள் உண்டியலில் போட்ட காசு. மீன் கிடைக்காத நாட்களிலும் போட்ட காசு.

திருத்தொண்டர் பட்டத்துக்கு முன்னால் ஆயருக்கு ஓர் உறுதிமொழிக் கடிதம் கொடுக்க வேண்டும். தட்டச்சு செய்யக் கூடாது. சொந்தக் கையால் எழுதிக் கையொப்பமிட வேண்டும் என்பது சட்டம். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், முழுமனதோடு, என் சொந்த விருப்பத்தால் இந்தப் பட்டத்தைக் கேட்கிறேன். வாழ்நாள் முழுவதும் இந்தப் பணிக்கே என்னைக் கொடுக்கிறேன் என்று அதில் எழுத வேண்டும். "சொந்த விருப்பத்தால்" என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது. அப்படி எழுதுகிற சுதந்திரம் எனக்கு இருந்ததென்றால், விடியற்காலை மூன்று மணிக்குத் தம்பி கடலில் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டிருந்ததால்தான் இருந்தது. அந்தத் தாளை நான் கையெழுத்திட்டேன். என்னைப் பொறுத்தவரை அதில் அவன் கையெழுத்தும் இருக்கிறது.

பட்டத்துக்கு முன் என் பெயரைக் கோயிலில் வாசித்தார்கள். தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் சொல்லலாம் என்று அறிவித்தார்கள். தந்தை ஊரில் சிலரிடம் நேரிலும் விசாரித்திருக்கிறார். யாரிடம், என்ன கேட்டார் என்பதை அவர் என்னிடம் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. ஆனால் மீன் விற்கிற ஒரு பாட்டி தானாகவே வந்து சொன்னார்கள்: "சாமி ஒன்னப் பத்திக் கேட்டாவ எய்யா. லீவுல வந்தா என் மீன்கூடயத் தலையில தூக்கிவிட்டுட்டுத்தான் கோயிலுக்குப் போவான்னு சொன்னேன். வேற என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியல." இறையியலில் எழுதிய எல்லாத் தேர்வுகளையும் விட அந்தப் பாட்டியின் சாட்சியத்தையே நான் பெரிதாக நினைக்கிறேன்.

பட்டத்தன்று நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கிடக்க, மக்கள் புனிதர்களின் மன்றாட்டு மாலை பாடினார்கள். ஆயர் மௌனமாகத் தலைமேல் கைகளை வைத்தார். பிறகு வந்திருந்த குருக்கள் எல்லாரும் ஒவ்வொருவராக வைத்தார்கள். கண்ணை மூடியிருந்தாலும் ஒரு கை மட்டும் யாருடையது என்று தெரிந்தது. நடுங்கிய கை. என்னை முகாமுக்கு அனுப்பிவைத்த பங்குத்தந்தை ஓய்வு இல்லத்திலிருந்து வந்திருந்தார். அதற்கு முன்பே கீழ்ப்படிதல் வாக்குறுதி முடிந்திருந்தது. அந்த வாக்குறுதியைக் கேட்டதும் ஆயர் சொல்கிற பதில், உம்மில் நல்ல செயலைத் தொடங்கிய கடவுளே அதை நிறைவேற்றுவாராக என்பது. தூய பவுல் பிலிப்பியருக்கு எழுதிய திருமுகத்திலிருந்து எடுத்தது. நிலைத்திருப்பேன் என்று வாக்குக் கொடுத்தவன் நான். நிறைவேற்றுகிற பொறுப்பை ஆயர் கடவுளிடம் ஒப்படைத்தார். அந்த நொடியில் எனக்கு வந்த நிம்மதி கொஞ்சமல்ல.

மறுநாள் சொந்த ஊரில் நன்றித் திருப்பலி. முதல் வாசகத்தை வாசித்தது என் தோழன். மனைவியோடும் மகளோடும் வந்திருந்தான். இப்போது பள்ளியில் ஆங்கில ஆசிரியர். மறையுரையில் நோட்டுக் கதையைச் சொல்லி, எழுந்து நிற்கச் சொன்னேன்; ஊரே கைதட்டியது. அவன் அம்மா முன்வரிசையில் இருந்தார்கள்.

இப்போது ஒரு பங்கில் உதவிப் பங்குத்தந்தையாக இருக்கிறேன். குருமடத்துக்குப் போக விரும்புகிற பையன்கள் மூன்று பேருக்குச் சாயங்காலம் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன், அதே மாதிரி நடுவில் கோடு போட்ட நோட்டில். பாஸ்கா எனப்படும் ஈஸ்டர் காலத்தின் நான்காம் ஞாயிறு இறையழைத்தலுக்காகச் செபிக்கிற நாள்; 1964-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் தொடங்கிவைத்தார். அந்த ஞாயிறன்று குருமாணவர்களுக்காகச் செபிக்கிற நீங்கள், குருமடத்திலிருந்து வீடு திரும்பியவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அண்ணனை அனுப்பிவிட்டுக் கடலுக்குப் போன தம்பிகளையும்.

என் தம்பிக்கு வருகிற தை மாதம் கல்யாணம். கடன் முழுவதும் அடைத்துவிட்டான். தங்கை நர்சிங் முடித்துவிட்டாள். திருமணத் திருப்பலியை நான்தான் நிறைவேற்றுகிறேன்.