ஒரே குடும்பம், மூன்று பட்டியல்கள்

எளியவர்களுக்குக் கட்டுப்படியாகும் வீடுகள் என்றதும் நிதியையும் நிலத்தையும் பற்றியே பேசும் நாம், அருகருகே உள்ள நகராட்சிகள் தங்கள் தரவுகளைப் பகிர்ந்துகொள்ளாததைப் பற்றிப் பேசுவதே இல்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தமளிக்கிறது.

எங்காவது வீடு கிடைக்காதா என்று ஒரு தாய் மூன்று நகராட்சிகளில் விண்ணப்பிக்கிறார். ஒரு பட்டியலில் அவர் பெயரின் எழுத்துக்கூட்டல் மாறியிருக்கும். இன்னொன்றில் பிறந்த நாளும் மாதமும் இடம் மாறியிருக்கும். கணக்கில் அவர் மூன்று குடும்பங்கள். ஓரிடத்தில் வீடு கிடைத்துக் குடியேறிய பின்னும் மற்ற இரண்டு பட்டியல்களில் அவர் பெயர் காத்திருக்கும். அந்த எண்ணிக்கையை நம்பித்தான் எங்கே எத்தனை வீடுகள் கட்டுவது என்று முடிவெடுக்கிறார்கள்!

பட்டியல்களை இணைத்தால் மட்டும் போதாது. வீட்டுச் செலவு வருமானத்தில் 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது பரவலான அளவுகோல், ஐ.நா. வாழ்விட அமைப்பும் அதையே பயன்படுத்துகிறது. ஆனால் ஓர் அலுவலகம் வாடகையை மட்டும் செலவாகக் கொள்ள, மற்றொன்று மின்சாரத்தையும் தண்ணீரையும் சேர்த்துக்கொண்டால், இரண்டு அட்டவணைகளையும் ஒப்பிடவே முடியாது. ஆகவே மென்பொருள் வாங்குவதற்கு முன், சொற்களின் பொருளில் அனைவரும் உடன்பட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

அந்தரங்கம் குறித்த அச்சம் நியாயமானதே. பெயர்கள் இரட்டைப் பதிவுகளை நீக்குவதற்கு மட்டுமே பயன்பட வேண்டும். வெளியிடும் அட்டவணையில், இரண்டு மூன்று குடும்பங்களே உள்ள பகுதியின் எண்ணிக்கையை மறைத்துவிட வேண்டும்.