ஐப்பசியில் உள்ளி நடுவோம்

கனடாவின் ஸ்காபரோவில் செப்டெம்பர் முடிந்ததும் எங்கள் ஆட்கள் பலர் தோட்டத்தைக் கைவிட்டு விடுகிறார்கள். தக்காளியைப் பிடுங்கி, பாவல் பந்தலைக் கழற்றி, கத்தரிச் சாடிகளைக் கவிழ்த்து வைத்தால் அந்த வருட வேலை முடிந்தது என்ற நினைப்பு. எனக்கோ பின்வளவில் மிகவும் பிடித்த காலம் ஒக்ரோபரில்தான் தொடங்குகிறது. நுளம்பு இல்லை. வெயில் சுடாது. மண்ணில் மட்டும் கோடைச் சூடு இன்னும் மிச்சம் இருக்கும். யாழ்ப்பாணத்து உரும்பிராய்ச் செம்மண்ணில் வளர்ந்தவனுக்கு ஐப்பசி பிறந்தால் கை சும்மா இருக்காது, மழையோடு ஏதாவது நட்டாக வேண்டும். நல்ல காலம், இந்த நாட்டிலும் ஐப்பசியில் நட ஒன்று இருக்கிறது: உள்ளி, அதாவது வெள்ளைப்பூண்டு.

ஊரில் நாங்கள் வெங்காயம்தான் நட்டோம். உள்ளி கடையில் வாங்குகிற சாமான். காரணம், அதற்குக் குளிர் வேண்டும். நட்ட ஒரு பல் வளர்ந்து பல பல்லாகப் பிரிய வேண்டுமானால் அது சில வாரங்களாவது நல்ல குளிரில் கிடக்க வேண்டும். கிடைக்காவிட்டால் பிரியாமல் ஒற்றை உருண்டையாகவே நின்றுவிடும். நாங்கள் எல்லோரும் அலுத்துக்கொள்ளும் ஜனவரிக் குளிர் மண்ணுக்குள்ளே இந்த வேலையைத்தான் செய்கிறது. அதை நினைத்தால் எனக்கு அந்த மாதத்தின் மேல் ஒரு மரியாதை வருகிறது.

ஒக்ரோபர் நடுவில் இருந்து நவம்பர் தொடக்கம் வரை நடலாம். நான் நடுவது ‘மியூசிக்’ இனம். இத்தாலியில் இருந்து வந்து ஒன்ராறியோவில் நிலைத்துவிட்டது. பல் பெரிது, உரிப்பது சுகம், காரமும் உண்டு. பலசரக்குக் கடையில் சமையலுக்கு வாங்கும் உள்ளி இந்தக் குளிரைத் தாங்கும் இனமாக இருக்கும் என்று நம்ப முடியாது. விவசாயிகள் சந்தையில் விதைக்கென்று கேட்டு வாங்குங்கள். இருப்பதிலேயே பெரிய பற்களைத் தெரிந்தெடுத்து, கூர் மேலே பார்க்க, 5 சென்ரிமீற்றர் ஆழத்தில், 15 சென்ரிமீற்றர் இடைவெளி விட்டு நட்டு, மேலே சருகைத் தாராளமாகப் பரப்பிவிட்டால் போதும். ஏப்ரல் வரை அந்தப் பக்கம் பார்க்கவே தேவையில்லை. ஜூனில் சுருண்டு வரும் பூந்தண்டை வெட்டிப் பிரட்டல் வைக்கலாம். வெட்டினால் கிழங்கும் பெருக்கும். அடி இலைகள் காயும் ஜூலையில் கிண்டி எடுப்பேன்.

கறிவேப்பிலைக்கு இந்தக் காலம் பொல்லாதது. இரவு வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே இறங்கத் தொடங்கினால் அது வீட்டுக்குள் வந்துவிட வேண்டும். எங்கள் வீட்டில் இதற்கு வானிலை அறிக்கை தேவையில்லை. “தம்பி, கண்டை உள்ளுக்கு எடுத்தாச்சோ?” என்று அம்மா செப்டெம்பர் கடைசியிலேயே கேட்கத் தொடங்கிவிடுவார். எடுப்பதற்கு முன் இலையின் அடிப்பக்கம், தண்டு எல்லாவற்றையும் தண்ணீர் பீச்சிக் கழுவுவேன். வெளியே கண்ணில் படாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் செதிள்பூச்சி, ஹீற்றரின் உலர்ந்த சூட்டில் வேகமாகப் பெருகிவிடும். கண்டால் சவர்க்காரத் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைக்க வேண்டும். பிறகு தெற்கு யன்னலடி. டிசம்பர் கடைசியில் இங்கு பகல் 9 மணித்தியாலம்கூட இல்லை. அந்த வெளிச்சத்தில் கண்டு வளராமல் ஓய்வெடுக்கும், இலை கொட்டும். அதைப் பார்த்துப் பயந்து தண்ணீரை ஊற்றுகிறோம். வேர் அழுகிச் சாவது அப்படித்தான். விரலை விட்டுப் பார்த்து மண் காய்ந்திருந்தால் மட்டும் கொஞ்சம் தண்ணீர். பசளை மார்ச் வரை வேண்டாம். மொட்டையாக நின்றாலும் நகத்தால் தண்டைக் கீறிப் பாருங்கள், உள்ளே பச்சை இருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை.

கார்த்திகைப்பூ இங்கே கார்த்திகையில் பூக்காது. மே மாதம் சாடியில் வைத்தால் ஜூலை, ஓகஸ்டில் பூத்துவிடும். கொடி காய்ந்ததும் கிழங்கை எடுத்து உலர்ந்த மரத்தூளில் புதைத்து பேஸ்மன்டில் வைக்கிறேன். கையுறை போட்டுத்தான் தொடவேண்டும். கிழங்கு கடும் நஞ்சு, பிள்ளைகள் எட்டாத தட்டு அவசியம். அவரையின் கதை வேறு. ஊர் அவரை பகல் குறுகினால்தான் பூக்கும். இங்கு அது ஊதாப் பூவாய்ச் சொரிந்து காய் பிடிக்கப் பார்க்கும் நேரத்தில் உறைபனி வந்துவிடும். நான் அதைப் பூவுக்காகவே வேலியில் படரவிடுகிறேன். கிடைக்கிற பிஞ்சு லாபம்.

சருகு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. நவம்பரில் எங்கள் தெரு முழுக்கக் கடதாசிப் பைகளில் மேப்பிள் இலை நிரம்பி, நகரசபை வண்டிக்காக நிற்கும். பார்க்க மனம் கேட்பதில்லை. புல்லின் மேல் தடிப்பாகக் கிடந்தால் புல் அழுகும், அது உண்மை. அங்கிருந்து அள்ளிப் பாத்திகளிலும் மரத்தடியிலும் போட்டால் என்ன? அதற்குள்ளே விட்டில்களின் கூட்டுப்புழுக்களும் கம்பளிப்பூச்சிகளும் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. பம்பிள் தேனீயின் ராணி மட்டும் அடியில் மண்ணுக்குள் புதைந்து உயிரோடு இருக்கும், அதன் கூட்டில் இருந்த மற்றத் தேனீக்கள் எல்லாம் செத்துவிடும். அந்த ஒரு ராணி பிழைத்தால்தான் அடுத்த வருடக் கூடு. எக்கினேசியாப் பூச்செடியின் காய்ந்த தலைகளையும் நான் வெட்டுவதில்லை. கோல்ட்ஃபின்ச் குருவிகள் வந்து விதை கொத்தும். ஸ்னோவுக்கு நடுவே சிவப்புக் கார்டினல் குருவி வந்து இருந்தால் வீட்டில் எல்லோரும் யன்னலுக்கு ஓடுவோம்.

சாப்பிடவும் ஒன்று மிஞ்சும். கேல் கீரை உறைபனி பட்ட பிறகுதான் ருசி. குளிரைத் தாங்குவதற்காகச் செடி இலையில் சீனியைச் சேர்க்கிறது. ஜூலையில் கசந்த அதே இலையை நவம்பரில் பொடியாக அரிந்து தேங்காய்ப்பூவும் செத்தல் மிளகாயும் போட்டு வறை செய்து பாருங்கள்.

பக்கத்து வீட்டில் ஒரு இத்தாலியப் பெரியவர். நவம்பர் வந்ததும் தன் அத்திமரத்தின் ஒரு பக்க வேரை வெட்டி, மெதுவாகச் சரித்து, பள்ளத்தில் படுக்கவைத்து, பலகையும் சருகும் மண்ணும் போட்டு மூடுவார். ஏப்ரலில் நிமிர்த்துவார். நான் மண்வெட்டியோடு உதவிக்குப் போவேன். அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான், எனக்கு இத்தாலியன் ஒரு சொல்லும் தெரியாது. வேலைக்கு அது போதும். ஓகஸ்டில் பழம் வேலிக்கு மேலால் வரும்.

மண் உறைவதற்கு முன் சீடர் வேலிக்கு ஆழமாகத் தண்ணீர் விடுங்கள், பனிக்காற்றில் இலை கருகாது. வெளிக்குழாயை உள்ளிருந்து பூட்டி, மிச்சத் தண்ணீரை வடிய விடுங்கள். ஸ்னோ விழுந்தால் பாத்திகளுக்கு நல்லது, அடியில் மண் ஒரே நிலையில் இருக்கும். வெறும் குளிர் அடித்தால் மண் உறைந்தும் இளகியும் வேரை மேலே தள்ளிவிடும். வழி துப்புரவாக்கும்போது உப்புக் கலந்த ஸ்னோவை மட்டும் செடிகளின் பக்கம் எறியாதீர்கள்.

தைப்பொங்கல் முடிந்த கையோடு மில்க்வீட் விதை போடுவேன். எங்கள் எருக்கின் சொந்தக்காரச் செடி, மொனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழு தின்னும் ஒரே உணவு. அந்த விதையும் குளிரில் கிடந்தால்தான் நன்றாக முளைக்கும். சலாட் வரும் பிளாஸ்ரிக் பெட்டியில் மண் போட்டு, விதை தூவி, மூடியில் ஓட்டை குத்தி, வெளியே ஸ்னோவிலேயே வைத்துவிடலாம். மிளகாயை பெப்ரவரிக் கடைசியிலும் கத்தரியை மார்ச்சிலும் வீட்டுக்குள் விளக்கின் கீழ் முளைக்கவைக்க வேண்டும். மே கடைசிப் பக்கம் வரும் விக்ரோறியா தினம் கழியும் வரை அவற்றை வெளியே நடாதீர்கள். கொச்சி மிளகாய் விதையும் ஊர்க் கத்தரி விதையும் என்னிடம் கூடுதலாக இருக்கின்றன. வேண்டியவர்கள் கேளுங்கள், தருகிறேன்.