ஈ.சி. 0.5 என்றால் எந்த 0.5? கம்பனி ஆய்வில் பட்டதும் தப்பியதும்

பல்கலைக்கழக ஆய்வுக்காக, தும்புத்தூள் (தேங்காய் நார்த்தூள்) ஏற்றுமதி செய்கிற கம்பனியொன்றின் பயிர்க்கூடாரத்தில் செடி வளர்த்தேன். ஈ.சி. என்பது மின்கடத்துதிறன், தூளில் எவ்வளவு உப்பு என்று காட்டுகிற எண் (இங்கே அலகு மில்லிசீமென்ஸ்/செ.மீ.). ஒரே தும்புத்தூள் கட்டி. கம்பனியின் தரச்சீட்டில் ஈ.சி. 0.4, வளாகத்து ஆய்வுகூடத்தில் 0.9. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் அகப்பட்டு மூன்று கிழமை போனது. யாரும் பொய் சொல்லவில்லை. கம்பனி ஸ்டோரில் ஒரு பங்கு தூளுக்கு ஐந்து பங்கு தண்ணீர் விட்டு அளக்கிறார்கள். என் புரொப்போசலில் இருந்தது 1:1.5 முறை. தண்ணீர் கூடினால் உப்பு ஐதாகும், எண் இறங்கும், அவ்வளவுதான். இது உறைக்காமல் 0.9 என்று மொட்டையாக மின்னஞ்சல் அனுப்பினேன். "உங்கள் சரக்கு சரியில்லை" என்று அங்கே வாசித்துவிட்டார்கள். மறுநாளே, பேசித் தீரும்வரை கூடாரத்துக்குள் வர வேண்டாம் என்று அறிவித்தல்.

காப்பாற்றியது பிரிக்காமல் வைத்திருந்த ஒரு கட்டி. அதைத் தர அதிகாரியின் மேசையிலேயே உடைத்து, இரண்டு முறையிலும் அவர் கண்முன்னே அளந்தோம். 0.4உம் வந்தது, 0.9உம் வந்தது. "அப்ப ரெண்டும் சரிதானே" என்றார். அதற்குப் பிறகு அவர்களுடைய தரச்சீட்டில் முறை என்று ஒரு நிரல் சேர்ந்தது. ஆய்வறிக்கையில் பரீட்சகர் பாராட்டியதைவிட எனக்கு அதில்தான் திருப்தி.

கம்பனியில் ஈ.சி. அளக்கப் போகிறவர்கள் நாலு விஷயத்தை முதல் நாளே எழுத்தில் வாங்குங்கள்: தூள்–தண்ணீர் விகிதம், அது கனவளவிலா நிறையிலா, என்ன தண்ணீர், எவ்வளவு நேரம் ஊறவிட்டது. குழாய்த் தண்ணீருக்கும் கிணற்றுத் தண்ணீருக்கும் தனக்கென்று ஒரு ஈ.சி. உண்டு, ஆகவே காய்ச்சி வடித்த தண்ணீர்தான். மீற்றரை 1413 மைக்ரோசீமென்ஸ் (மேலே சொன்ன அலகில் 1.413) நியமக் கரைசலில் ஒவ்வொரு நாளும் சரிபார்க்க வேண்டும். வெப்பநிலையைத் தானே ஈடுசெய்யாத பழைய மீற்றர் என்றால், பாகைக்கு ஏறத்தாழ 2 வீதம் கூடக் காட்டும். 25 பாகையில் காட்ட வேண்டியதை கூடாரத்து 32 பாகையில் அளந்தால் 14 வீதம் அங்கேயே பிழை.

இனிக் கடிதம். திணைக்களத் தலைவரின் கையொப்பத்தோடு "முகாமைப் பணிப்பாளருக்கு" என்று எழுதிய கடிதத்தை எடுத்துக்கொண்டு இரவு பஸ்ஸில் கிளிநொச்சியில் இருந்து கொழும்பு வந்தேன். கொள்ளுப்பிட்டித் தலைமை அலுவலகத்தின் வரவேற்பு மேசையில் இருந்தவர் அதைத் திறக்கவே இல்லை. "எச்.ஆர். பேருக்கு இல்லையே, மிஸ்." எச்.ஆர். (மனிதவளப் பிரிவு) பேருக்கு மாற்றிக்கொண்டு போனால், இரகசியக்காப்பு ஒப்பந்தம் இல்லாமல் பார்க்க மாட்டார்களாம். அந்த ஒப்பந்தத்தில் மாணவர் ஒப்பமிட இடம் இருந்தது, பல்கலைக்கழகத்துக்கும் இடம் இருந்தது. பல்கலைக்கழகத்தின் பேரில் துணைவேந்தர்தான் கையொப்பம் வைக்கலாம், அதற்கு முன் கோப்பு பல மேசை ஏறி இறங்க வேண்டும். இந்த இரண்டு பயணமும் வீண். போக முன் தொலைபேசியில் மூன்று கேள்வி கேட்டிருந்தால் போதும்: கடிதம் எந்தப் பதவிக்கு, ஒப்பந்தம் வேண்டுமா, அதன் மாதிரியை மின்னஞ்சலில் அனுப்புவீர்களா.

ஒப்பந்தத்தில் "எழுத்து அனுமதி இல்லாமல் எந்த முடிவும் வெளியிடக் கூடாது" என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். அதை அப்படியே விட்டால் ஆய்வறிக்கையைக்கூடச் சமர்ப்பிக்க முடியாது. "14 நாளில் பதில் வராவிட்டால் அனுமதித்ததாகக் கொள்ளப்படும், கம்பனியின் பெயர் குறியீடாக வரும்" என்று சேர்க்கச் சொல்லுங்கள். மேற்பார்வையாளர் சேர் கேட்டதும் மறுப்பில்லாமல் சேர்த்தார்கள். நான் தனியாகக் கேட்டபோது சிரித்தார்கள்.

பரிசோதனைக் கூடாரம் ஹோமாகமவில். தமிழ்ப் பிள்ளைகள் சாப்பாட்டுக்காக வெள்ளவத்தையில் அறை எடுப்பது வழக்கம். அங்கிருந்து நுகேகொடைக்குப் போய், பிறகு 138ஆம் இலக்க பஸ். காலை நெரிசலில் அந்தப் பயணமே அரை வேலை நாள் மாதிரி. மஹரகம பக்கம் அறை எடுங்கள்.

பயிர் கறிமிளகாய். நாலு ஊடகம்: கழுவாத தூள், கழுவிய தூள், கல்சியம் நைத்திரேற்றில் ஊறவைத்துக் கழுவிய தூள், அதனோடு கூட்டெரு கலந்தது. ஐந்து மீள்செய்கை, ஒவ்வொன்றிலும் மூன்று பை, மொத்தம் 60 பை. கூடாரத்தின் ஒரு பக்கம் மதில் நிழல் விழுந்ததால், ஒவ்வொன்றிலும் நாலு ஊடகமும் வரும்படி பைகளை ஐந்து தொகுதிகளாகப் பிரித்தோம். வழு சுயாதீனப்படி (தற்செயல் வேறுபாட்டை மதிப்பிட மிஞ்சுகிற எண்) 12தான் மிஞ்சியது. அதற்குக் கீழே போகாதீர்கள். மூன்று பையில் இருக்கும் மூன்று செடியையும் மூன்று மீள்செய்கை என்று எண்ணுகிற பிழையை பரீட்சகர்கள் முதல் பார்வையிலேயே பிடிப்பார்கள்.

பைக்கு 10 லீற்றர், ஒரு ஊடகத்துக்கு 150 லீற்றர். 5 கிலோ கட்டி 20–25 லீற்றர் தண்ணீரில் ஊதி ஏறத்தாழ 70 லீற்றர் வரும். கணக்குக்கு ஒரு ஊடகத்துக்கு மூன்று கட்டி. நாலாக எடுங்கள், ஏனென்றால் பையில் இட்டபின் தூள் அமுங்கும், மேலே போட வேண்டி வரும். ஸ்டோரில் வேறு உற்பத்தித் தொகுதிக் கட்டி எடுத்துத் தந்தால் பரிசோதனை கெட்டது. எல்லாக் கட்டியும் ஒரே தொகுதி இலக்கமா என்று நீங்களே பாருங்கள், இலக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள். மேலதிகமாக ஒன்றை உடைக்காமல் வைக்கச் சொன்னது ஆய்வுகூட உதவியாளர் அண்ணா. ஆரம்பத்தில் சொன்ன, என்னைக் காப்பாற்றிய கட்டி அதுதான். பை நிரப்பும்போது நிறையால் அளக்காதீர்கள், ஈரம் மாறினால் நிறையும் மாறும். வாளியால் அளந்து இடுங்கள்.

நாற்று, நடவு, பதிவு எல்லாம் பிரச்சினை இல்லை.

கழுவாத தூளில் நின்ற செடிகளை வெளியாருக்குக் காட்டக் கம்பனிக்காரருக்கு விருப்பமில்லை, வெளிநாட்டு வாங்குநர் வருகிற கூடாரம் அது. ஒப்பீட்டுப் பயிர் இல்லாவிட்டால் ஆய்வே இல்லை என்று விளக்கி, பின்வரிசைக்கு மாற்றிச் சமாளித்தோம். ஆறாம் கிழமை அந்தச் செடிகள் திடீரென்று பச்சை பிடித்தன. காலையில் தண்ணீர் விடுகிற அம்மா மஞ்சளாய் நின்றவற்றுக்கு மட்டும் இரண்டு தரம் உரக்கரைசல் ஊற்றியிருந்தார். "பவ் நே, மிஸ்" (பாவம்தானே, மிஸ்) என்றார். அவரிடம் என்ன கோபிக்க? ஐந்து பைத் தொகுதிகளில் இரண்டை விலக்கிவிட்டுப் பகுப்பாய்வு நடத்தியது என்று அறிக்கையில் எழுத வேண்டி வந்தது. ஊழியர்களுக்கு முதல் நாளே சிங்களத்தில் சொல்லுங்கள்: வாடினாலும் தொடக் கூடாத வரிசை இது. பைகளில் சிவப்பு நாடாவும் சிங்கள எழுத்தும் கட்டிய பிறகுதான் நின்றது.

சொல்லித்தர ஆள் இல்லாமல் நான் தடுமாறிய இன்னொன்று. கழுவிய தூளில் ஈ.சி. குறைவாகத்தான் இருந்தது, ஆனால் காய்க்கும் நேரம் காய்களின் நுனி கறுத்தது. கழுவினால் கரைந்த உப்புத்தான் போகும். தூளின் மேற்பரப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிற சோடியமும் பொட்டாசியமும் அங்கேயே இருக்கும். உரத்தில் வருகிற கல்சியத்தைத் தூள் பிடித்துக்கொண்டு அவற்றை வெளியே விடும், செடிக்குக் கல்சியம் தட்டுப்படும். கல்சியம் நைத்திரேற்றில் ஊறவைப்பது இதற்குத்தான். ஈ.சி. குறைவு என்பதை மட்டும் வைத்து ஊடகத்தைத் தெரிவு செய்யாதீர்கள்.

நாட்காட்டியையும் பாருங்கள். சித்திரைப் புத்தாண்டோடு ஒரு கிழமை எவரும் வரமாட்டார்கள், ஒவ்வொரு போயாவும் விடுமுறை, கொள்கலன் ஏற்றுகிற கிழமையில் தர அதிகாரியைப் பிடிக்க முடியாது. மே மாதத்தோடு மழை பிடித்தால் களத்தில் தூள் காயாது, புதுத் தொகுதி கேட்டாலும் கிடைக்காது. ஜனவரியிலேயே கட்டிகளை எடுத்து வைத்தவர்கள் தப்பினார்கள்.

கடைசி நாளில் அனுபவச் சான்றிதழைக் கையோடு வாங்குங்கள். "பிறகு அனுப்புவோம்" என்றார்கள். பிறகு எச்.ஆரில் ஆள் மாறிவிட்டது, புதியவருக்கு என்னைத் தெரியாது. கூடாரத்து நுழைவுப் பதிவேட்டின் பக்கங்களை நிழற்படம் எடுத்து வைத்திருந்ததால்தான் நான் அங்கே இருந்ததை நிரூபிக்க முடிந்தது.